பெயர் கடைசியாக வந்தது: கும்பகோணத்தில் ஒரு ஃபிரேம்வொர்க் உருவான விதம்

கும்பகோணத்தில் ஐந்து பேர் கொண்ட ஒரு மென்பொருள் குழு, டெல்டா வியாபாரிகளுக்கு அடுத்தடுத்து மூன்று மொபைல் செயலிகள் செய்து கொடுத்தது. பிறகு மூன்றுக்கும் பொதுவாக இருந்ததைப் பிரித்தெடுத்து ஒரு ஃபிரேம்வொர்க் (அடுத்தடுத்த செயலிகளை அதன்மேல் கட்ட உதவும் பொது நிரல்) ஆக்கி, அதற்குப் பெயரும் வைத்தது. நான் அந்தக் குழுவில் இல்லை. அவர்களுடைய வடிவமைப்புக் கூட்டங்களில் உட்கார்ந்து குறிப்பெடுத்தேன். குழுவின் அடையாளத்தையும் வாடிக்கையாளர்களின் அடையாளத்தையும் இங்கே தவிர்த்திருக்கிறேன்.

இதை எழுத ஒரு காரணம் உண்டு. தஞ்சாவூர், திருவாரூர் பக்கத்துக் கல்லூரிகளில் படித்து முடிக்கும் பிள்ளைகள் பலர், சொந்தமாக ஒரு ஃபிரேம்வொர்க் செய்யவேண்டும் என்று ஆசைப்படுகிறார்கள். நல்ல ஆசைதான். ஆனால் பெரும்பாலும் பெயரிலும் லோகோவிலும் தொடங்குகிறார்கள். இந்தக் குழுவில் அது தலைகீழாக நடந்தது. நிரலின் உள்ளே இருக்கும் சிறு சிறு பெயர்களுக்காக அவர்கள் அதிகமாக வாதாடினார்கள். வெளியே தெரியும் பெயர் கடைசியில் வந்தது. அந்த வரிசைதான் சரி என்பது என் உறுதியான கருத்து.

மூன்று செயலிகள்

முதலாவது, ஒரு அரவை ஆலைக்கு வரும் நெல்லை வரவு வைப்பது. லாரி எண், மூட்டை, எடை, ஈரப்பதம், ரகம். இரண்டாவது, அறுவடை இயந்திர வாடகை. குறுவை அறுவடையின்போதும் சம்பா அறுவடையின்போதும் பெல்ட் வண்டி யாருடைய வயலில் எத்தனை மணி நேரம் ஓடியது என்பதை ஓட்டுநரே வயலில் நின்று பதியவேண்டும். மூன்றாவது, பேராவூரணிப் பக்கம் தோப்புதோப்பாகப் போய்த் தேங்காய் வாங்கும் ஒரு வியாபாரிக்கு.

மூன்றும், மொபைல் செயலிகள் செய்ய உதவும் கருவியான ஃப்ளட்டரில் எழுதப்பட்டவை. போனுக்குள் எஸ்க்யூலைட் தரவுத்தளம். மூன்றுக்கும் ஒரே தலைவலி: பதிவு நடக்கும் இடத்தில் சிக்னல் இருக்காது. தேங்காய் வியாபாரி முதல் சந்திப்பிலேயே சொல்லிவிட்டார்: "தம்பி, கஜா வந்தப்ப வாரக்கணக்குல கரண்டு இல்ல, டவர் இல்ல. அப்பவும் நாங்க காய் வாங்கினோம். அந்த மாதிரி நாள்லயும் இது ஓடணும்." 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தபோது விழுந்த தென்னைகளை நினைத்தால், அவர் கேட்டது நியாயமான தேவைதான் என்பது புரியும்.

இரண்டாவது செயலி எழுதும்போது முதல் செயலியின் கோப்புகளை நகலெடுத்து ஒட்டினார்கள். அதில் தவறில்லை. மூன்றாவதிலும் அதையே ஒட்டப் போனபோதுதான் குழுத்தலைவர் நிறுத்தினார். இரண்டு இடத்தில் ஒன்றுபோல் இருப்பது தற்செயலாக இருக்கலாம், மூன்றாவது இடத்திலும் வந்தால் பிரித்தெடு என்பது இந்தத் தொழிலில் பழைய பழக்கம்.

பெரிய ஃபிரேம்வொர்க்குகளும் இப்படித்தான் வந்தன. ரூபி ஆன் ரெயில்ஸ், பேஸ்கேம்ப் என்ற ஓடிக்கொண்டிருந்த செயலியிலிருந்து டேவிட் ஹைனமையர் ஹான்சன் உருவியெடுத்தது, 2004-இல் வெளியானது. ஜாங்கோ, அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் லாரன்ஸ் என்ற ஊரின் செய்தித்தாள் அலுவலகத்தில், அன்றாடச் செய்தித் தளங்களைக் கட்டும் வேலையிலிருந்து பிறந்து 2005-இல் வெளிவந்தது. இந்த இரண்டாவது கதையை டெல்டாக்காரர்கள் கவனிக்கவேண்டும். பெருநகரத்துப் பெரிய நிறுவனத்தில் இருந்தால்தான் இதெல்லாம் செய்யமுடியும் என்பதற்கு அது நேர் எதிரான சான்று.

அழிக்கப்படாது

பிரித்தெடுத்ததில் கடினமான பகுதி, பல போன்களில் எழுதியதைப் பிறகு ஒன்றுசேர்ப்பது. முதல் செயலியில் 'கடைசியாக எழுதியதே செல்லும்' என்ற எளிய விதி இருந்தது. அதற்கு எல்லாப் போன்களின் கடிகாரமும் சரியாக இருக்கவேண்டும். அறுவடை வண்டி ஓட்டுநர் ஒருவருடைய போனில் தேதியைக் கையால் மாற்றி வைத்திருந்தார்கள். அவர் நேற்று எழுதியது இன்று எழுதியதை மூடிவிட்டது.

குழுவில் இருந்த இளைஞர் ஒருவர், சிஆர்டிடி எனப்படும், மோதலில்லாமல் தானே ஒன்றுசேரும் தரவு வடிவங்களைப் பயன்படுத்தலாம் என்றார். 2011 வாக்கில் முறையாக வரையறுக்கப்பட்ட, நல்ல கோட்பாடு. பலர் ஒரே நேரத்தில் ஒரே ஆவணத்தைத் திருத்தும் இடங்களில் அது பெரிய வரம். ஆனால் இவர்களுடைய தேவை அது இல்லை என்பதை ஆலையின் கணக்குப்பிள்ளை காட்டிக்கொடுத்தார். செயலியில் எடையை மாற்றினால் பழைய எடை காணாமல் போவதைப் பார்த்து அவர் சொன்னது: "எழுதுனதை அழிக்கப்படாது தம்பி. அடிச்சுட்டுக் கீழ எழுது. பக்கத்துல கையெழுத்துப் போடு."

வடிவமைப்பின் மையம் அந்த இடத்தில் முடிவானது. எந்தப் பதிவும் மாறாது, நீங்காது. திருத்தம் என்பது பழையதைச் சுட்டும் இன்னொரு பதிவு. ஒவ்வொரு பதிவுக்கும் அடையாள எண்ணைப் போனே உருவாக்கும். சர்வரிடம் கேட்கத் தேவையில்லை. ஒரே பதிவு சிக்னல் விட்டுவிட்டு வந்ததால் மூன்று தடவை அனுப்பப்பட்டாலும் சர்வர் ஒன்றாகத்தான் எடுத்துக்கொள்ளும். வரிசைக்குக் கடிகாரத்தை நம்பாமல், லெஸ்லி லாம்போர்ட் 1978-இல் விளக்கிய எண்ணிக்கை முறையைப் பின்பற்றினார்கள்: ஒவ்வொரு போனும் தன் எண்ணைக் கூட்டிக்கொண்டே போகும், வேறொரு போனின் பதிவு வந்து சேர்ந்தால், இரண்டில் பெரிய எண்ணிலிருந்து தொடரும். கடிகார நேரத்தையும் சேமிப்பார்கள், ஆனால் தகவலுக்காக மட்டும்.

கணக்குப்பிள்ளை அடித்து எழுதுவதைத்தான் கணினிக்காரர்கள் சேர்க்க மட்டுமே முடிந்த பதிவேடு என்கிறார்கள். அதைப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டவர்கள் அந்தக் குழுவில் இருந்தார்கள். ஆலையில் பார்த்தபிறகுதான் அதன்மேல் எல்லோருக்கும் உடன்பாடு வந்தது.

மூட்டை, மா, கொரடாச்சேரி

அடுத்தது அளவுகள். அரசு நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை என்றால் 40 கிலோ. தனியார் வியாபாரத்தில் 60 கிலோ மூட்டையும் புழங்குகிறது. நிலத்தைப் பத்திரத்தில் ஏக்கர், சென்ட் என்று எழுதினாலும், வயலில் நிற்பவர் "மூணு மா ஓடுச்சு" என்றுதான் சொல்வார். 100 குழி ஒரு மா. 20 மா ஒரு வேலி. குழி என்பது 144 சதுர அடி. அப்படிப் பார்த்தால் மூன்று மா 43,200 சதுர அடி, ஒரு ஏக்கரோ 43,560 சதுர அடி. பேச்சில் இரண்டும் ஒன்று. வாடகை கணக்கிடும்போது ஒன்றில்லை. தேங்காயை எண்ணி வாங்குகிறார்கள், கொப்பரையை நிறுத்து வாங்குகிறார்கள்.

எல்லாவற்றையும் கிலோவாகவும் ஏக்கராகவும் மாற்றிச் சேமித்துவிடலாம் என்பதுதான் பொறியாளருக்கு முதலில் தோன்றும். குழு அதை மறுத்தது. சொன்னவர் சொன்ன எண்ணும் சொன்ன அலகும் அப்படியே நிற்கும், மாற்றுவது படிக்கும்போதுதான். தகராறு வந்தால் அவர் சொன்ன சொல்லைத்தான் திரையில் காட்டவேண்டியிருக்கும், ஆகவே இந்த முடிவு எனக்கு மிகவும் பிடித்தது. மூட்டை என்ற அலகை மட்டும் எடை சொல்லாமல் பயன்படுத்தவே முடியாது. நிரல் எழுதும்போதே, அதைச் சரிபார்த்துக் கணினி மொழிக்கு மாற்றும் கம்பைலர் நிறுத்திவிடும்.

தமிழ் எழுத்துகள் தனிச் சிக்கல். 'கொ' என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம். க-வுக்குப் பின் ஒகரக் குறியை ஒரே குறியீடாக வைக்கலாம். எகரக் கொம்பையும் துணைக்காலையும் தனித்தனியாகவும் வைக்கலாம். கண்ணுக்கு ஒன்றுதான், கணினிக்கு வேறு. ஒரு கீபோர்டிலிருந்து வந்த கொரடாச்சேரியும் இன்னொரு மென்பொருளிலிருந்து வந்த கொரடாச்சேரியும் பட்டியலில் இரண்டு ஊர்களாக நிற்கும். யூனிகோடு தரும் என்.எஃப்.சி என்ற ஒழுங்குமுறை இதைத் தீர்த்துவிடும். 'ஸ்ரீ' தீராது. அதன் முதல் எழுத்து சிலருடைய கோப்பில் 'ஸ', சிலருடையதில் 'ஶ'. திரையில் இரண்டும் பெரும்பாலும் ஒரே உருவம். யூனிகோடு இவற்றைச் சமமாகக் கருதுவதில்லை, எனவே என்.எஃப்.சி தொடாது. ஸ்ரீவாஞ்சியம் போன்ற ஊர்ப்பெயர்களுக்காகக் குழு தனியாக ஒரு மாற்று அட்டவணை வைத்திருக்கிறது. தமிழ்ச் செயலி எழுதுகிற ஒவ்வொருவரும் இதைத் தனித்தனியே கண்டுபிடித்து, தனித்தனியே அவதிப்படுகிறோம். ஃபிரேம்வொர்க் என்ற ஒன்று தேவைப்படுவதற்கு இதைவிட நல்ல காரணம் இல்லை.

லைப்ரரியா, ஃபிரேம்வொர்க்கா

இரண்டுமே முன்கூட்டி எழுதிவைத்த பொது நிரல்தான். லைப்ரரியை நம் நிரல் கூப்பிடும். ஃபிரேம்வொர்க் நம் நிரலைக் கூப்பிடும். யார் யாரைக் கூப்பிடுகிறார்கள் என்பதுதான் வேறுபாடு. ஃபிரேம்வொர்க் செய்தால் பயன்படுத்துபவரின் சுதந்திரத்தில் ஒரு பகுதியை எடுத்துக்கொள்கிறோம், அதனால் குழுவின் மூத்த பொறியாளரான பெண், முடிந்தவரை லைப்ரரியாகவே இருக்கட்டும் என்றார். பதிவு எழுதும் பகுதியை மட்டும் ஃபிரேம்வொர்க் ஆக்கலாம் என்று முடிவானது: பதிவு எப்போது போகும், எப்போது வரும் என்பதை அது பார்த்துக்கொள்ளும்; செயலி, "வந்தால் என்ன செய்யவேண்டும்" என்று மட்டும் எழுதிக்கொடுக்கும். அளவுகளும் எழுத்துச் சீரமைப்பும் தனி லைப்ரரிகள்.

உள்ளே இருக்கும் பெயர்கள்

முதல் வரைவில் 'அப்டேட்' என்று ஒரு செயற்கூறு இருந்தது. உள்ளே அது புதிய பதிவைத்தான் சேர்க்கும், ஆனால் பெயர் பழையதை மாற்றுவதாகச் சொல்லும். புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் அந்தப் பெயரை நம்பி, எடை கூட்டும் அறிக்கையில் பழைய வரியையும் புதிய வரியையும் சேர்த்தே கூட்டும்படி எழுதிவிட்டார். அவரைக் குறை சொல்ல எதுவும் இல்லை. பெயர் அவருக்குச் சொன்னதை அவர் செய்தார்.

இதில் பெரியவர்கள் பட்ட பாடும் இருக்கிறது. இணையப் பக்கங்கள் கட்ட உதவும் ரியாக்டில் 'காம்போனென்ட் வில் மவுண்ட்' என்ற பெயரும் அதுபோன்ற வேறு இரண்டும் தொடர்ந்து தவறாகப் பயன்படுத்தப்பட்டதால், 2018-இல் வந்த 16.3 பதிப்பில் அவற்றின் முன்னால் 'அன்சேஃப்' என்ற சொல்லை ஒட்டிய பெயர்களைக் கொண்டுவந்தார்கள். அதே ரியாக்டில், வெளியிலிருந்து வரும் ஹெச்டிஎம்எல்லை அப்படியே பக்கத்துக்குள் நுழைக்கும் வசதிக்கு ஆரம்பத்திலேயே 'டேஞ்சரஸ்லி' என்று தொடங்கும் நீளமான பெயர் வைத்தார்கள். எழுதும்போதே கை தயங்கவேண்டும் என்பதற்காகவே வைத்த பெயர் அது. என்னைக் கேட்டால் மென்பொருள் உலகின் சிறந்த பெயர்களில் ஒன்று. மறுபக்கம், மற்றவர்கள் 'கண்ட்ரோலர்' (கோரிக்கையைக் கையாளும் பகுதி) என்று சொல்வதை ஜாங்கோ 'வியூ' (காட்சி) என்று அழைக்கிறது. அதற்கான நியாயத்தை அதன் ஆவணத்திலேயே விளக்கவேண்டியிருக்கிறது.

குழு 'அப்டேட்', 'டெலீட்' இரண்டையும் நீக்கிவிட்டு 'திருத்தம்' என்று வைத்தது. அதன்பின் ஒரு வேடிக்கையில்லாத கேள்வி வந்தது. லாரியில் வந்த நெல்லின் ஈரப்பதம் 19 என்று குறிக்கிறார்கள். களத்தில் காயவைத்து மறுபடி அளந்தால் 17. இது திருத்தமா? கணக்குப்பிள்ளையிடமே கேட்டார்கள். "அது எப்படித் தம்பி திருத்தம்? முன்ன எழுதுனதும் சரிதானே" என்றார். ஆகவே 'மறுஅளவு' என்று இன்னொரு பெயர் பிறந்தது. எழுதியது தவறு என்றால் திருத்தம். பொருளே மாறியிருந்தால் மறுஅளவு. இரண்டும் தரவுத்தளத்தில் ஏறக்குறைய ஒரே வடிவம்தான். ஆனால் அறிக்கையில், முன்னது பழைய வரியைக் கணக்கிலிருந்து விலக்கும், பின்னது இரண்டையும் வரலாறாக வைத்துக்கொள்ளும். ஒரே பெயரில் இவை இரண்டும் கிடந்திருந்தால், ஈரம் காய்ந்ததால் குறைந்த எடைக்கும் எழுதுபவரின் கைப்பிழைக்கும் வேறுபாடு தெரியாமலே போயிருக்கும்.

எதற்குத் தமிழ்ப் பெயர், எதற்கு ஆங்கிலம் என்பதிலும் தெளிவாக இருந்தார்கள். சேமி, பட்டியலிடு போன்ற எல்லா நிரலரும் அறிந்த வேலைகளுக்கு வழக்கமான ஆங்கிலச் சொல்லே இருக்கட்டும். வேறெங்கும் இல்லாத கருத்துக்கு மட்டும் தமிழ். எல்லாவற்றையும் தமிழாக்கவேண்டும் என்று நினைப்பவர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கலாம். எனக்கு இது சரியாகப் படுகிறது. வெளியூரிலிருந்து வரும் நிரலர், தமிழ்ச் சொல்லைப் பார்த்ததுமே இங்கே புதிதாக ஒன்று இருக்கிறது என்று நின்று படிப்பார்.

வெளியே ஒரு பெயர்

இதற்கிடையில் ஃபிரேம்வொர்க்குக்குப் பெயர் தேடலும் நடந்தது. காவிரி என்றார் ஒருவர். அந்தப் பெயரில் ஏஎம்டி நிறுவனமே 2014-இல் ஒரு சிப் வெளியிட்டிருக்கிறது. பொன்னி என்று தேடினால் அரிசி வரும். கல்லணை? "அண்ணே, அது ரெண்டாயிரம் வருஷப் பேரு. நம்ம எழுதுனது ரெண்டு வருஷம் நிக்குதான்னு முதல்ல பாப்போம்" என்று, புதிதாகச் சேர்ந்த அந்தத் தம்பியே சொன்னார். மதகு என்பது எல்லோருக்கும் பிடித்திருந்தது.

பெயர் பார்ப்பது அழகுணர்ச்சி சம்பந்தப்பட்டது மட்டுமில்லை, சட்டமும் பதிவகமும் (நிரல் தொகுப்புகளைப் பெயரிட்டு வெளியிடும் பொது இடம்) சம்பந்தப்பட்டது. மோசில்லாவின் உலாவி 2002-இல் ஃபீனிக்ஸ். வணிகமுத்திரைச் சிக்கலால் 2003-இல் ஃபயர்பேர்ட். அந்தப் பெயரில் ஒரு தரவுத்தளத் திட்டம் ஏற்கெனவே இருந்ததால் 2004-இல் ஃபயர்ஃபாக்ஸ். 2016 மார்ச்சில் 'கிக்' என்ற தொகுப்புப் பெயர் யாருக்கு என்ற சண்டையில், ஜாவாஸ்கிரிப்ட் தொகுப்புகளின் என்.பி.எம் பதிவகம் அதை அதே பெயருள்ள நிறுவனத்துக்குக் கொடுத்தது. அதுவரை அந்தப் பெயரை வைத்திருந்த நிரலர் கோபமடைந்து தன் தொகுப்புகள் அத்தனையையும் விலக்கிக்கொள்ள, அவற்றில் ஒன்றான, 11 வரி மட்டுமே உள்ள 'லெஃப்ட் பேட்' இல்லாமல் உலகெங்கும் ஏராளமான மென்பொருள்களின் கட்டுமானம் நின்றது. எவான் யூ என்ற நிரலர், தன் ஃபிரேம்வொர்க்குக்கு முதலில் 'சீட்' என்று வைத்திருந்தார்; அந்தப் பெயரைப் பதிவகத்தில் வேறொருவர் எடுத்துவிட்டிருந்ததால் 'வியூ' (Vue) ஆனது.

ஃப்ளட்டர் செயலிகளை எழுதும் மொழியான டார்ட்டின் தொகுப்புகளுக்கான பதிவகம் பப் டாட் டெவ். அதில் ஆங்கிலச் சிறிய எழுத்து, எண், அடிக்கோடு இவை மட்டுமே பெயரில் வரலாம். தமிழ் எழுத்தில் பதியமுடியாது. ஒருமுறை வெளியிட்டதை நீக்கவும் முடியாது. கைவிடப்பட்டது என்று குறிக்கலாம், அவ்வளவுதான். எனவே தமிழ்ப் பெயரை ரோமன் எழுத்தில் எப்படி எழுதுவது என்பது திருத்தமுடியாத முடிவு. ஒருவர் போனில் பெயரைச் சொல்லவேண்டும், மறுமுனையில் இருப்பவர் கேட்டபடி தட்டச்சு செய்யவேண்டும். இந்தச் சோதனையில் மதகு தோற்றது. நடுவில் உள்ள 'த' எழுத்தை ஆளுக்கொரு விதமாக எழுதினார்கள். இந்தியாவில் வணிகமுத்திரைத் தேடலையும் பார்த்துவிடவேண்டும். மென்பொருளுக்கு 9-ஆம் வகுப்பு, மென்பொருள் சேவைக்கு 42-ஆம் வகுப்பு. பதிவேட்டின் தளத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாகத் தேடலாம்.

தேடல் அங்கேயே நின்றது. மூத்த பொறியாளர், "இது என்ன செய்யாதுன்னு ஒரு வரியில சொல்லமுடியலைன்னா பேர் வைக்கிறதுல பிரயோஜனம் இல்ல" என்றார். யாராலும் சொல்லமுடியவில்லை. அந்த ஒரு வரி பிறகு வந்தது, நான்காவது செயலியிலிருந்து.

வாய்க்கால் பங்கீடு

ஒரு விவசாயிகள் குழு, முறைப்பாசனத்துக்குச் செயலி கேட்டது. மேட்டூர் அணையில் தண்ணீர் போதுமானால் அதை ஜூன் 12-இல் திறப்பது வழக்கம். போதாத ஆண்டில் தேதியும் தள்ளும், அளவும் குறையும். கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரிந்து, பற்றாக்குறையில் முறை வைத்து மாறிமாறி விடும்போது, கடைமடையில் யாருக்கு எந்த நாள் என்பது மேலே நடப்பதைப் பொறுத்து மாறிக்கொண்டே இருக்கும்.

குழு தங்கள் ஃபிரேம்வொர்க்கை அதில் பொருத்திப் பார்த்தது. பொருந்தவில்லை. வியாழக்கிழமை உனக்கு முறை என்பது நடந்த ஒன்றின் பதிவு இல்லை, திட்டம். திட்டம் மாறும்போது முன்னது தவறாக எழுதப்பட்டது என்று ஆகாது. அளவு மாறியது என்றும் ஆகாது. திருத்தம், மறுஅளவு இரண்டுமே அதற்குச் செல்லவில்லை. மூன்றாவதாக ஒரு பெயரைச் சேர்த்து ஃபிரேம்வொர்க்கை விரிக்கலாமா என்று நீண்ட விவாதம். விரித்தால், ஒரு வாடிக்கையாளரிடம் இல்லை என்று சொல்லவேண்டியதில்லை. எனக்கு அந்த விவாதத்தில் மூத்த பொறியாளரின் பக்கமே நியாயமாகப் பட்டது: ஒரே ஒரு செயலி கேட்பதற்காக, மூன்று செயலிகளில் தேறிய விதியைத் தளர்த்தக்கூடாது. அந்தச் செயலியைத் தனியாக எழுதினார்கள். அளவு லைப்ரரியையும் எழுத்துச் சீரமைப்பையும் மட்டும் எடுத்துக்கொண்டார்கள். முன்பே பிரித்து வைத்திருந்ததால் அது முடிந்தது.

அந்த மறுப்பிலிருந்துதான் அந்த ஒரு வரி கிடைத்தது: நடந்ததைப் பதியும், நடக்கப்போவதைத் திட்டமிடாது. இப்போது ஆவணத்தின் முதல் வரி அது. அடுத்த கூட்டத்தில் வரப்பு என்ற பெயரைச் சொன்னவர் அதிகம் பேசாத ஐந்தாவது ஆள். பதிவு நடப்பது வரப்பில் நின்றுதான், எல்லையும் அதுதான். போன் சோதனையில் சிலர் இரட்டைப் பகரத்தை ஒற்றையாக எழுதினார்கள், மற்றபடி தேறியது. வாதம் எழவில்லை.

பெயர் வைத்தபின் அதைக் காப்பாற்றும் பொறுப்பு வருகிறது. ஆங்குலர்ஜேஎஸ் என்ற ஃபிரேம்வொர்க்கை முற்றிலும் புதிதாக எழுதி, 2016-இல் ஆங்குலர் 2 என்று வெளியிட்டார்கள். பழைய நிரல் அதில் ஓடாது. பெயர் மட்டும் தொடர்ந்ததால், தேடுபவருக்குக் கிடைத்த விடை எதற்கானது என்றே பலகாலம் குழப்பம். அந்தப் பெயருக்கு இருந்த மதிப்பை விட மனம் வராதது புரிகிறது. ஆனாலும் உள்ளே வேறொன்று ஆனபின் வேறு பெயர் வைத்திருக்கவேண்டும் என்றே நினைக்கிறேன். வரப்பின் ஆவணத்தில் இதற்காகவே ஒரு விதி எழுதியிருக்கிறார்கள்: பதிவை அழிக்கவோ மாற்றவோ அனுமதிக்கும் நாள் வந்தால், அது இந்தப் பெயரில் வராது.

வரப்பு இன்னும் பொதுப் பதிவகத்தில் இல்லை. மூன்று செயலிகளும் அதைக் குழுவின் சொந்தக் களஞ்சியத்திலிருந்தே எடுத்துக்கொள்கின்றன. பதிப்பு எண் சுழியத்தில் தொடங்குகிறது, அதாவது எதுவும் மாறலாம் என்று அறிவித்திருக்கிறார்கள். ஸ்ரீ அட்டவணையில் இன்னும் சேர்க்கவேண்டிய ஊர்கள் உள்ளன. பழைய போன்களில் ஆயிரக்கணக்கான பதிவுகளுக்குப் பிறகு பட்டியல் திறக்கத் தாமதமாகிறது. திருத்தங்களைத் தொகுத்து இன்றைய நிலையைத் தனி அட்டவணையாக வைக்கும் வேலை நடக்கிறது. அடுத்த குறுவை அறுவடைக்கு முன் மன்னார்குடியில் உள்ள இரண்டு பேரிடம் ஆவணத்தை மட்டும் கொடுத்து, வாய்மொழி உதவி எதுவும் செய்யாமல் ஒரு செயலி எழுதச் சொல்லப்போகிறார்கள். அவர்கள் எந்தப் பெயரில் தடுக்கி நிற்கிறார்களோ, அந்தப் பெயர்களை 1.0-க்கு முன் மாற்றுவதாக முடிவு.